பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆட்டமுறைத் தேர்வு: ஒரு விமர்சனப் பார்வை

ரோல்பிளேயிங் கேம் என்று அறியப்படும் பாத்திரமேற்பு விளையாட்டில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேச்சின் வழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்கிறார்கள். கேம் மாஸ்டர் எனப்படும் நடத்துநர் அந்தக் கதையின் உலகத்தையும் எதிரிகளையும் வழியில் வரும் மற்ற மனிதர்களையும் கையாள்கிறார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். செய்த காரியம் பலித்ததா என்பதில் ஐயம் எழும்போது பகடை உருட்டப்படுகிறது. எப்போது உருட்டுவது, எத்தனை பகடை, எந்த எண் வந்தால் வெற்றி, வெற்றி பெற்றால் என்ன கிடைக்கும் என்பனவற்றை வகுக்கும் விதிகளின் தொகுப்பே ஆட்டமுறை. ஆட்டக்காரர்கள் இதைச் சிஸ்டம் என்று குறிப்பிடுகிறார்கள்.

இன்று நூற்றுக்கணக்கான ஆட்டமுறைகள் கிடைக்கின்றன. இருந்தும் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேள்விப்பட்ட பெயரையே எடுத்துக்கொள்கிறார்கள். நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு ஒருவர் அடுத்த சண்டை எப்போது வரும் என்று காத்திருக்கிறார். இன்னொருவர் தன் பாத்திரத்தின் பழைய பகையைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறார். பிறகு குறை ஆள்மீது விழுகிறது. "அவனுக்கு நடிக்கத் தெரியவில்லை", "நடத்துபவருக்கு அனுபவம் போதாது" என்று பேச்சு வருகிறது. சில குழுக்கள் அத்தோடு கலைந்தும் விடுகின்றன. பல நேரங்களில் அவர்கள் விரும்பிய ஆட்டத்தை அவர்கள் எடுத்த விதிநூல் தருவதற்கு எழுதப்படவே இல்லை என்பதுதான் உண்மை.

ஓர் ஆட்டமுறையைத் தேர்வதற்கு அதன் அட்டைப்படமும் கதைக்களமும் போதிய வழிகாட்டிகள் ஆகா என்பது இக்கட்டுரையின் வாதம். அது எதைக் கணக்கிடுகிறது, எதற்கு வெகுமதி தருகிறது, முடிவெடுக்கும் உரிமையை யாரிடம் கொடுக்கிறது என்ற மூன்றையும் பார்த்தால் அது எந்த வகை ஆட்டத்தை உருவாக்கும் என்று பெருமளவு சொல்லிவிடலாம்.

பின்னணி

பாத்திரமேற்பு விளையாட்டு, பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரெனும் எழுதிய செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகள் 1971இல் வெளிவந்தன. டேவ் ஆர்னெசன் தம் நண்பர்களுடன் நடத்திய பிளாக்மூர் என்ற தொடர் ஆட்டத்தில், ஒவ்வொருவரும் ஒரு படைக்குப் பதிலாக ஒரு தனி மனிதரை ஏற்று ஆடினார்கள். கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. டி அண்ட் டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதுவே இத்துறையின் முதல் அச்சு நூல் எனக் கருதப்படுகிறது.

டி அண்ட் டியின் விதிகளில் சண்டைக்கு இன்றுவரை பெரிய இடம் இருப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம். பின்னர் வந்த ஆட்டமுறைகள் பலவும் அதில் கிடைக்காத ஒன்றைத் தேடியவை. 1977இல் வந்த டிராவலர் விண்வெளி வணிகத்தையும் பயணத்தையும் எடுத்துக்கொண்டது. 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு அச்சத்தை எடுத்துக்கொண்டது. ஸ்டீவ் ஜாக்சனின் கர்ப்ஸ் 1986இல் எந்தக் கதைக்களத்துக்கும் பொருந்தும் பொது விதிகளைத் தர முயன்றது. 1991இல் வாம்பயர்: தி மாஸ்கரேட் வேட்டையாடும் உயிரின் மனச்சாட்சியைப் பேச வந்தது. 2010இல் அபோகலிப்ஸ் வேர்ல்ட், நடத்துநரின் வேலைக்கே விதி எழுதியது. இந்தப் பட்டியலை வளர்ச்சிப் படிகளாகப் படிப்பது தவறு. பின்னர் வந்தது முந்தையதைவிடச் சிறந்தது என்று பொருளில்லை. அது வேறொன்றைச் செய்ய வந்தது.

"நல்ல நடத்துநர் இருந்தால் போதும்" என்ற வாதம்

ஆட்டமுறை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நடத்துநர் திறமையானவராக இருந்தால் ஆட்டம் நன்றாக அமையும் என்பது பழைய கருத்து. இதற்கு எதிராக ரான் எட்வர்ட்ஸ் எழுதிய "சிஸ்டம் டஸ் மேட்டர்" என்ற கட்டுரை இத்துறை விவாதங்களில் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. ஆட்டமுறை ஆட்டத்தைப் பாதிக்கிறது என்பது அதன் தலைப்பே சொல்லும் செய்தி.

பழைய கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அனுபவமுள்ள நடத்துநர் பொருந்தாத விதிகளை ஒதுக்கிவிடுவார். தேவையானதை அங்கேயே புனைந்துகொள்வார். ஆனால் அப்படி அவர் செய்யும்போது மேசையில் நடப்பது விதிநூலின் ஆட்டம் அன்று, அவருடைய ஆட்டம். விதிநூல் செய்யவேண்டிய வேலையை ஒரு மனிதர் தம் உழைப்பால் நிரப்புகிறார். அவர் களைத்துப் போகும் நாளில் ஆட்டமும் நின்றுபோகும். முதன்முறையாக நடத்தும் ஒரு மாணவருக்கு அந்த அனுபவமும் இருக்காது. அவர் நூலில் உள்ளதை நம்பித்தான் தொடங்குகிறார். எனவே ஆட்டமுறையின் தேர்வு மிகவும் முக்கியமாவது புதியவர்களுக்கே.

வெகுமதி: ஒரே பெயர், இரண்டு ஆட்டங்கள்

வெகுமதி ஆட்டத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு டி அண்ட் டியின் இரண்டு பதிப்புகளே நல்ல சான்று. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டு அடிப்படைத் தொகுப்பையும் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் போர்வீரர், மந்திரவாதி, நிலவறை, அரக்கர் எல்லாம் உண்டு. இரண்டிலும் அனுபவப் புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை உயரும்.

1981ஆம் ஆண்டு விதியில், பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். ஓர்க் என்ற சாதாரண அரக்கனை வென்றால் 10 புள்ளிகள்தாம். போர்வீரர் இரண்டாம் நிலையை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும். நான்கு போர்வீரர்கள் கொண்ட குழு ஒன்றைக் கற்பனை செய்தால், எல்லோரும் ஒருபடி உயர மொத்தம் 8,000 புள்ளிகள் தேவை. சண்டையால் மட்டும் சேர்ப்பதென்றால் 800 ஓர்க்குகளை வெல்ல வேண்டும். அல்லது 8,000 பொற்காசுகளைத் திருடிக்கொண்டு ஓடிவர வேண்டும். முதல் நிலைப் போர்வீரரின் உயிர்ப்புள்ளி ஓர் எட்டுமுகப் பகடையின் ஒற்றை உருட்டல். அது பூச்சியமானால் மரணம். இந்த விதிகளின் கீழ் புத்தியுள்ள எந்தக் குழுவும் சண்டையைத் தவிர்க்கவே முயலும். ஒளிவது, ஏமாற்றுவது, பேரம் பேசுவது, தீவட்டி அணையுமுன் வெளியேறுவது ஆகியவை ஆட்டமாகின்றன.

ஐந்தாம் பதிப்பில் பொற்காசுக்குப் புள்ளி இல்லை. ஓர்க்குக்கு 100 புள்ளிகள். இரண்டாம் நிலைக்கு 300 புள்ளிகள். அதே நால்வர் குழுவுக்கு 12 ஓர்க்குகள் போதும். உயிர்ப்புள்ளி பூச்சியமானாலும் பாத்திரம் உடனே இறப்பதில்லை. பிழைக்குமா என்று பகடை உருட்ட வாய்ப்பு உண்டு. ஒரு நீண்ட ஓய்வு இழந்த உயிர்ப்புள்ளிகளை எல்லாம் திரும்பத் தந்துவிடும். இந்த விதிகள் வீரச் செயல்களுக்காக எழுதப்பட்டவை. சண்டையில் தைரியமாக இறங்குவதே இங்கு புத்திசாலித்தனம். சண்டையல்லாத சவால்களுக்கும் புள்ளி தரலாம், கதையின் கட்டங்களை வைத்தே நிலையை உயர்த்தலாம் என்று நடத்துநர் நூல் அனுமதிக்கிறது. ஆனால் அது நடத்துநர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வழி.

இரண்டில் எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை. பதுங்கிச் சென்று புதையல் எடுக்கும் பரபரப்பு வேண்டுபவர் ஐந்தாம் பதிப்பை எடுத்தால் ஏமாறுவார். தன் பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் காவிய வீரராக்க விரும்புபவர் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்தால் முதல் நிலவறையிலேயே மூன்று பாத்திரங்களை இழந்து நிற்பார். அட்டையில் இருப்பதோ இரண்டிலும் ஒரே பெயர்.

கணக்கு: அச்சத்தை எண்ணும் விதி

சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கதுலு, எச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. இதில் நிலை என்பதே இல்லை. பாத்திரங்கள் துப்பறிபவர்கள், பேராசிரியர், செய்தியாளர், மருத்துவர் போன்றவர்கள். நூற்றுக்கு எத்தனை என்று குறிக்கப்பட்ட திறன்களில் அந்த எண்ணோ அதற்குக் குறைவோ உருட்டினால் வெற்றி. வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறன்கள் பின்னர் சிறிது வளரலாம். உடல்வலிமை ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இந்த ஆட்டமுறையின் உயிர் மனத்தெளிவு என்ற எண். காணக்கூடாததைக் காணும்போது அது குறைகிறது. இதோடு இன்னொரு விதி சேர்கிறது. மறைபொருள் அறிவு என்ற திறன் எவ்வளவு வளர்கிறதோ, மனத்தெளிவின் உச்சவரம்பு அவ்வளவு இறங்குகிறது. வரம்பு 99இலிருந்து அந்த அறிவின் எண்ணைக் கழித்துக் கிடைப்பது. மர்மத்தை அவிழ்க்க அந்த அறிவு வேண்டும். அந்த அறிவே ஆளை அழிக்கிறது. பல பக்கங்களில் விளக்க வேண்டிய ஒரு கருத்தை ஒரு கழித்தல் கணக்கு மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நடத்துநர் குரலைத் தாழ்த்திப் பயமுறுத்தத் தெரியாதவராக இருந்தாலும், தாளில் குறையும் எண்ணைப் பார்த்தே ஆட்டக்காரர் பயப்படுவார்.

2002இல் ஒரு சுவையான சோதனை நடந்தது. டி அண்ட் டியின் மூன்றாம் பதிப்பு விதிகள் புகழ்பெற்றிருந்த காலம் அது. அப்போது டி அண்ட் டியை வெளியிட்டுவந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், மான்டி குக், ஜான் டைன்ஸ் ஆகியோர் எழுதிய கால் ஆஃப் கதுலுவின் இன்னொரு வடிவத்தை அந்த இருபதுமுகப் பகடை விதிகளில் வெளியிட்டது. கதைக்களம் அதுவே. மனத்தெளிவு என்ற எண்ணும் இருந்தது. ஆனால் நிலைகள் வந்தன. நிலை உயர உயர உயிர்ப்புள்ளிகளும் உயர்ந்தன. ஒரு கணக்கு ஆளைக் கீழே இழுக்க, மற்றொரு கணக்கு அவரை மேலே தூக்கியது. திறமையானவர்களின் நேர்மையான உழைப்புதான் அந்நூல். இருந்தாலும் கதைக்களத்தை மாற்றாமல் விதியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிடுகிறது. ஆள் பலசாலியாகிக்கொண்டே போகும் கதையில் திகில் நீடிப்பது கடினம்.

வாம்பயர்: தி மாஸ்கரேட் இதே சிக்கலின் வேறொரு முகம். மார்க் ரெயின்-ஹேகன் உருவாக்கிய இந்நூல், தன்னைக் கதைசொல்லும் விளையாட்டு என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. மனிதத்தன்மை என்ற எண் சரியச் சரியப் பாத்திரம் மிருகமாவது அதன் நல்ல விதி. அதே நூல், மின்னல் வேகம், அசாத்திய பலம், அடிதாங்கும் உடல் போன்ற ஆற்றல்களையும் படிப்படியாக வாங்கக்கூடிய பட்டியல்களாக வைத்தது. சில மேசைகள் முதலாவதை ஆடின. வேறு சில இரண்டாவதை ஆடின. கோரைப்பல் முளைத்த சூப்பர் ஹீரோக்கள் என்ற கேலி அப்படித்தான் பிறந்தது. முன்னுரை ஒன்றைச் சொல்லி, விலைப்பட்டியல் இன்னொன்றை விற்றால், ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் விலைப்பட்டியலின் பின்னால் போவது இயல்பு. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது.

முடிவெடுக்கும் உரிமை: ஒரு காவலனும் மூன்று மேசைகளும்

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு நேரம், பூட்டிய வாயில், உள்ளே விடமாட்டேன் என்று நிற்கும் காவலன். ஒருவரின் பாத்திரம் அவனை இணங்கவைக்க முயல்கிறது.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் மேசையில், எவ்வளவு கடினம் என்பதை நடத்துநர் ஓர் எண்ணாக முடிவு செய்கிறார். நடுத்தரக் கடினம் என்றால் 15. ஆட்டக்காரர் இருபதுமுகப் பகடையை உருட்டித் தன் திறனைக் கூட்டுகிறார். எட்டினால் வெற்றி, இல்லையேல் தோல்வி. வென்றால் காவலன் எந்த அளவுக்கு இணங்குகிறான் என்பதும் நடத்துநர் கையில்.

வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்டில், நடத்துநர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டித் தன் பண்பெண்ணைக் கூட்டுகிறார். 10 அல்லது மேல் என்றால் காவலன் இணங்குகிறான். 7 முதல் 9 வரை என்றால் இணங்குவான், ஆனால் இப்போதே, இங்கேயே உறுதியான ஏதாவது ஒன்று வேண்டும் என்பான். 6 அல்லது கீழ் என்றால் நடத்துநர் நிலைமையைக் கடினமாக்குகிறார். இந்த நடுப்பகுதியை நூலே எழுதிவைத்திருக்கிறது. காவலனுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி தானாக எழுகிறது. அவன் ஒரு மனிதனாகிறான். கதையை முன்கூட்டியே வகுத்துவைக்கக் கூடாது என்பதும் நடத்துநருக்கான விதிகளில் ஒன்று.

ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ஃபியாஸ்கோவில் நடத்துநரே இல்லை. பேராசையால் கெட்டுப்போகும் சாமானியர்களின் கதைகளை மூன்று முதல் ஐந்து பேர் ஒரே அமர்வில் ஆடி முடிக்கிறார்கள். காட்சியை நீங்கள் அமைத்தால், அது நன்றாக முடியுமா மோசமாக முடியுமா என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். அவர்கள் அமைத்தால் நீங்கள் தீர்மானிக்கலாம். காவலனை ஏமாற்றும் சாமர்த்தியம் உங்கள் பாத்திரத்துக்கு எவ்வளவு என்று இங்கு எவரும் கேட்பதில்லை. இந்தக் காட்சி எப்படி முடிந்தால் கதை சூடுபிடிக்கும் என்பதே கேள்வி.

சவாலை வெல்ல வந்தவருக்கு மூன்றாவது மேசையில் வெல்வதற்கு ஒன்றுமே இருக்காது. கதையைச் சேர்ந்து புனைய வந்தவருக்கு முதல் மேசையில் பேச்சுரிமை குறைவாகப் படும். இருவரும் நண்பர்களாக இருக்கலாம். ஒரே கதைக்களத்தை விரும்பலாம். உரிமையைப் பற்றி முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் மனத்தாங்கல் வருவது நிச்சயம்.

பகடையின் குணம்

பகடையும் நடுநிலையானதில்லை. இருபதுமுகப் பகடை ஒன்றில் 1 வருவதற்கும் 10 வருவதற்கும் 20 வருவதற்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு 5. அதனால் நிபுணரும் சறுக்குவார். கற்றுக்குட்டியும் திடீரென வெல்வார். ஆரவாரமும் கேலியும் நிறைந்த மேசைக்கு இது பொருத்தம்.

கர்ப்ஸ் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை நடுவில் குவியும். திறன் 10 என்றால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 50. 12 என்றால் ஏறத்தாழ 74. 14 என்றால் ஏறத்தாழ 91. பயிற்சி பெற்றவரை நம்பித் திட்டமிடலாம். திட்டமிடுவதையே இன்பமாகக் கருதும் குழுவுக்கு இது ஏற்றது.

அபோகலிப்ஸ் வேர்ல்டில் பண்பெண் பூச்சியம் என்றால், முழு வெற்றிக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 17, விலையுள்ள வெற்றிக்கு 42, தோல்விக்கு 42. பண்பெண் 2 ஆக இருந்தாலும் விலையுள்ள வெற்றியின் பங்கு அதே 42தான். திறமை வளர்ந்தாலும் சிக்கல் விடாது. அமைதியாக எதையும் முடிக்க முடியாத இந்த நிலையைக் கதைக்காரர் விரும்புவார், திட்டக்காரர் வெறுப்பார்.

பகடையே இல்லாத டிரெட் என்ற திகில் ஆட்டத்தில், ஜெங்கா மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையிலிருந்து நீங்கிவிடும். விரல் நடுங்குவதே இங்கு விதியின் வேலை.

ஆட்டக்காரர் வகைப்பாடுகளும் அவற்றின் குறையும்

எந்த ஆட்டக்காரருக்கு எது பொருந்தும் என்று வகைப்படுத்தும் முயற்சிகள் பழையவை. 1980இல் க்ளென் பிளேகோ, ஆற்றல் சேர்ப்பவர், பாத்திரமாக வாழ்பவர், போர் நடத்துபவர், கதை சொல்பவர் என்ற நான்கு நாட்டங்களைக் குறித்தார். ரான் எட்வர்ட்ஸ் போட்டி, கதை, உலகத்தை மெய்போல் நிகழ்த்துதல் என்ற மூன்று நோக்கங்களாகப் பிரித்தார். ராபின் லாஸ் 2002இல் வெளியிட்ட நடத்துநர் கையேட்டில் ஏழு வகையினரைப் பட்டியலிட்டார்.

இவற்றைத் தேர்வுக்கான வாய்பாடாகக் கொள்வதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, மனிதர் ஒரே வகையில் நிற்பதில்லை. தேர்வு முடிந்த வாரத்தில் அடித்து நொறுக்கும் சண்டை கேட்பவரே அடுத்த மாதம் நீண்ட உரையாடல் கேட்கிறார். இரண்டாவது, இவை தனிமனிதரைப் பார்க்கின்றன, ஆட்டமோ குழுவினுடையது. லாஸின் பட்டியலில் ஏழாவதாக வருபவர் சும்மா உடனிருக்க வருபவர். நண்பர்களோடு பொழுதுபோக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நாட்டம் இல்லை. இவரையும் மதித்துப் பட்டியலில் சேர்த்ததுதான் அந்நூலின் நுட்பமான இடம். இவருக்கு 300 பக்க விதிநூலைக் கொடுத்தால் அடுத்த வாரம் வரமாட்டார். குழுவின் பாணி என்பது அதில் மிகக் குறைந்த ஈடுபாடு உள்ளவரையும் சேர்த்தே.

எதிர்வாதம்: விதி இல்லாத இடம்

மேலே சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விதிநூல் எதைப் பற்றி அதிகம் பேசுகிறதோ அதுவே ஆட்டம் என்றால், விதியே இல்லாத இடங்களில் பல மேசைகள் மிக இனிமையாக ஆடுவது எப்படி? பழைய டி அண்ட் டியில் பேச்சுக்கு விதி மிகக் குறைவு. ஆனால் அதை ஆடுபவர்கள் அரக்கரோடு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். வின்சென்ட் பேக்கரும் விளைச்சல் தரும் வெற்றிடம் என்ற பொருளில் ஒரு சொல்லை உருவாக்கினார். விதிகள் சுற்றி நின்று, நடுவிலுள்ள முக்கியமானதை ஆட்டக்காரருக்கே விட்டுவைப்பதை அது குறிக்கிறது.

இந்த மறுப்பு சரியானது. பக்கங்களை எண்ணுவது மட்டும் போதாது. ஆனால் எல்லா வெற்றிடமும் விளைவதில்லை. அதைச் சுற்றியுள்ள விதிகள் ஆட்டக்காரரை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டு விதிகளில் உயிர் மலிவு, சண்டையால் ஆதாயம் அற்பம், பொன்னால் ஆதாயம் பெரிது. எதிர்ப்படும் அரக்கர் உடனே தாக்குவாரா, தயங்குவாரா, நட்பாவாரா என்று இரண்டு பகடை உருட்டிப் பார்க்கும் விதியும் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து பேச்சை நோக்கித் தள்ளுகின்றன. பேச்சுக்கு விதி எழுதாமலே பேச்சு விளைகிறது. ஐந்தாம் பதிப்பிலும் பேச்சுக்கு விதி சிலவே. அங்கு சுற்றியுள்ள விதிகள் சண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அதில் நன்றாகப் பேசி ஆடும் குழுக்கள் உண்டு. அது அக்குழுக்களின் சொந்தச் சாதனை.

ஆகவே கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். "இந்த நூலில் எதற்கு விதி இருக்கிறது?" என்பதோடு, "இந்த விதிகள் நம்மை எங்கே தள்ளும்?" என்றும் கேட்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வழி

முதலில், எந்தக் கதைக்களம் வேண்டும் என்று குழுவிடம் கேட்பதைத் தள்ளிவைக்கலாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போக விரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். தந்திரமாக வென்றதையா, மனம் கனக்க ஒரு பாத்திரம் எடுத்த முடிவையா, வயிறு வலிக்கச் சிரித்த சொதப்பலையா? விடைகள் வேறுபட்டால் அதை அப்போதே அறிந்துகொள்வது நல்லது.

அடுத்து, விதிநூலில் வெகுமதியைப் பற்றிய பகுதியை முதலில் படிக்க வேண்டும். பிறகு பாத்திரத் தாளைப் பார்க்க வேண்டும். நூல் முழுவதன் சுருக்கம் அந்த ஓரிரு பக்கங்களில் இருக்கும். உறவுகளுக்கு அதில் இடம் இல்லாமல் ஆயுதங்களுக்கு மட்டும் பத்து வரி இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக, குழு எதைச் சுமையாகக் கருதுகிறது என்று பார்க்க வேண்டும். கொள்ளைக் கதையில் திட்டமிடுவதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது என்று சலித்துக்கொள்ளும் குழுவுக்கு ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் பொருந்தும். அதில் நேராகக் கொள்ளையில் இறங்கலாம். தேவைப்படும்போது, முன்பே இதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று பின்னோக்குக் காட்சி ஒன்றைச் சொல்லி, அதற்குரிய மனஅழுத்தப் புள்ளியைச் செலுத்தினால் போதும். அந்த இரண்டு மணி நேரமே இன்பம் என்னும் குழுவுக்கு இதே நூல் ஏமாற்றம் தரும்.

நான்காவது, நேரமும் பணமும் மொழியும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு மட்டும் 320 பக்கங்கள். ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம். 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு, அறிவுச் செயல்களுக்கு அதற்குக் கீழும், உணர்வுச் செயல்களுக்கு அதற்கு மேலும் உருட்டினால் வெற்றி. ஷான் டாம்கினின் அயர்ன்ஸ்வோர்ன், யோகாய் காலின் கெய்ர்ன் ஆகியவற்றின் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னதைத் தனியாகவும் ஆடலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பும் 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. தமிழில் பேசி ஆட விரும்பும் குழுவில் ஒருவர் ஆங்கில விதிநூலைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது, வாய்வழியே பத்து நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய விதிகளே முதல் ஆட்டத்துக்கு ஏற்றவை.

கடைசியாக, தொடர் ஆட்டத்தைத் தொடங்குமுன் ஒரே அமர்வில் முடியும் ஒரு சோதனை ஆட்டம் நடத்திப் பார்க்கலாம். அதில் ஆட்டக்காரர்கள் இக்கட்டு வந்தபோது எங்கே பார்த்தார்கள் என்று கவனிக்க வேண்டும். சிலர் தாளைப் பார்ப்பார்கள். சிலர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டும் நல்ல ஆட்டமே. தேர்ந்த நூல் அவர்கள் பார்க்கும் திசையில் ஏதாவது வைத்திருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மதிப்பீடு

எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டமுறை போதும் என்பது வசதியான நம்பிக்கை. தெரிந்த விதிகளை விட்டு வேறொன்றைக் கற்க யாருக்கும் சோம்பல் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் அதன் விலையை ஒவ்வோர் அமர்விலும் யாரோ ஒருவர் செலுத்துகிறார். பெரும்பாலும் அது, பொருந்தாத விதிகளைத் தன் உழைப்பால் ஒட்டுப்போடும் நடத்துநராக இருக்கிறார். அல்லது தனக்கு ஆடத் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு விலகும் புதியவராக இருக்கிறார்.

ஆட்டமுறை நல்ல நட்பை உண்டாக்காது. மோசமான நடத்துநரைக் காப்பாற்றாது. ஆனால் ஒரு குழு விரும்புவதை நோக்கி அது மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், அல்லது அதற்கு எதிராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை ஆட்டம் சலித்தால், யார் சரியாக ஆடவில்லை என்று தேடுவதற்கு முன் விதிநூலின் வெகுமதிப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.